இங்க எரிஞ்சுதுல்ல

ஒயரின் தோலை அவர் பல்லால்தான் உரிப்பார். சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் இருக்கும், ஆனால் அதை வெளியே எடுத்து நான் பார்த்தது குறைவு. கீழுதட்டுக்குள் எந்நேரமும் ஓர் உருண்டை புகையிலை அடங்கியிருக்கும். ஒயரைக் கடித்து இழுத்து, எச்சில் நூலோடு வெளியே எடுத்து, செம்புக் கம்பியை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, அந்த டேப்பையும் பல்லாலேயே அறுப்பார். பிறகு பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மேல் துப்புவார். எங்கள் பைபர் பட்டறையில் அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளை பாத்ரூம் கதவின் மேல் ஒருமுறை துப்பினார். நான் சத்தம் போட்டேன். "தொடச்சா போயிடும் பாப்பா" என்றார். துடைப்பார் என்று நின்று பார்த்தேன், துடைக்கவில்லை. நான்தான் துடைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதவின் நினைப்பு வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அண்ணி எதிர்பார்க்கிறாள். அவளுக்கு அவர் சித்தப்பா. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர், எங்கள் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்தவர். அந்த முறையில் எனக்கு மாமா. நல்லது ஒன்று உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூப்பிட்டால் வந்துவிடுவார். புயலடித்து ஊரே இருண்டு கிடந்த சமயம், மின்வாரிய ஆட்கள் வருவதற்கு முன்னால் இவர் வந்து கம்பத்தில் ஏறியிருப்பார். காத்திருக்க வைக்க மாட்டார், சாக்குச் சொல்ல மாட்டார். அதனால்தான் ஊர் அவரைக் கொண்டாடியது. வெளிச்சத்தைக் கொண்டுவருகிறவரிடம் வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

கள்ளக்குறிச்சியில் பெட்டிக்கடை அகலத்துக்கு ஒரு கடை வைத்திருந்தார். வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்புகளில் பாதிக்கு அவர் கை வைத்த லைட்டுதான். எல்.இ.டி. வந்ததும் அவருக்குக் கொண்டாட்டமாகிப் போனது. முன்னால் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை, சுற்றி ஓடும் பச்சை, பின்னால் எரிந்து எரிந்து அணையும் சிவப்பு. வேலை முடிந்ததும் டிரைவரைப் பத்தடி தள்ளி நிற்க வைப்பார். சுவிட்சைத் தட்டுவார். "எரியுதா?" என்பார். எரியும். "எரியுதுல்ல? அப்புறம் இன்னா?" அத்துடன் அந்த வேலை அவரைப் பொறுத்தவரை முடிந்தது. சுவிட்சைத் தட்டிய அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் வேலை செய்தார் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அதற்கு அடுத்த நிமிடம் அவருடைய கணக்கில் கிடையாது.

ஒரு டிரைவர் மலை ஏறும்போது வளைவில் லைட் மொத்தமும் செத்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்சீட்டில் இருந்த பெண் செல்போன் டார்ச்சை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே வர, ஊர்ந்து ஊர்ந்து ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மறுவாரம் அந்த டிரைவர் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், பட்டறைக்கு ஒயர் வாங்கப் போயிருந்தேன். சண்டை நடக்கும் என்று ஆவலாக நின்றேன். அவர் டிரைவரிடம் கேட்டது ஒரே கேள்விதான், இங்கிருந்து கிளம்பும்போது எரிந்ததா இல்லையா? எரிந்தது என்று டிரைவர் ஒப்புக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள், டீ குடித்தார்கள், பழைய ஜாயின்ட்டுக்கு மேலேயே இன்னொரு சுற்று டேப் ஏறியது. டார்ச்சைப் பிடித்து வந்த பெண்ணைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு அவர் மேல் வந்த அருவருப்பில் கொஞ்சம் அந்த டிரைவர் மேலும் ஒட்டிக்கொண்டது.

திருநாவலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சீரியல் செட் போட்டார். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் மாறி மாறி எரிந்தன, நடுவில் ஓர் இதயம் துடித்தது. பந்தல் இரும்புக் காலில் கரண்ட் இறங்கி, அதில் கட்டியிருந்த கன்றுக்குட்டி விறைத்து விழுந்தது. ஒரு குழந்தை சாய்ந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மெயினை அணைக்கக்கூட இல்லை. கன்றுக்குட்டியை அங்கே யார் கட்டச் சொன்னது என்று வீட்டுக்காரரைக் கேட்டார், பிறகு தலையைத் தூக்கி இதயம் துடிக்கிறதா என்று பார்த்தார். துடித்தது. சாப்பிடப் போனார். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்படிப்பட்டவரின் கையில்தான் ஒரு படகின் லைட்டைக் கொடுத்தான் எங்கள் அண்ணன்.

வயலுக்கு நடுவில் படகா என்று கேட்பீர்கள். ஊரும் அப்படித்தான் கேட்டது. களமருதூர் போகும் ரோட்டில் அண்ணனும் நானும் சேர்ந்து பைபர் பட்டறை நடத்தினோம். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, வண்டிக்கு மேல்கூரை. அதில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? கடலூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா வந்து, படகு செய்ய முடியுமா என்று கேட்டபோது அண்ணன் உடனே தலையாட்டிவிட்டான். அச்சை அங்கிருந்தே வாடகைக்கு எடுத்து வந்தோம். இந்த ஒரு படகு நன்றாக வந்தால் குப்பத்தில் இன்னும் பல பேர் வருவார்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தில்கூடப் படகு படகு என்றான். அறுப்பு முடிந்த நெல் வயலைப் பார்த்தபடி பைபருக்கு ஊற்றும் ரெசின் பசையின் நாற்றத்துக்கு நடுவில் அந்தப் படகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. வயல் வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்து, எந்த ஏரியில் விடப் போகிறீர்கள் என்று கேலி செய்துவிட்டுப் போனார்கள்.

படகுக்கார அம்மா கேட்டது அதிகமில்லை. அவருடைய இரண்டு மகன்கள் அதில் ராத்திரி மீன்பிடிக்கப் போவார்கள். லைட் மட்டும் சரியாக இருக்க வேண்டும் என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னார். இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. உப்புத் தண்ணீர் உள்ளே போகாத லைட்டாக இருக்க வேண்டும். அதைக் கடலூரிலேயே யாரையாவது வைத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்றேன் நான். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சொந்தத்தில் ஆள் இருக்கும்போது வெளியாளா என்று. அண்ணன் போன் போட்டான். மாமா அன்றைக்கே வந்து நின்றார்.

அண்ணன் எடுத்துச் சொல்லச் சொல்ல, அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து ஒயரைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார். சிவப்பு, பச்சை, வெள்ளை என்ற மூன்று சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்கே வைப்பது என்பதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? வாழ்க்கை முழுக்க ஜீப்புக்கு லைட் போட்டவர். ஓடுகிற வண்டி என்றால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பச்சை அழகுக்கு.

படகை எடுத்துப் போக அந்த அம்மா முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். பொழுது சாயும் நேரம். மாமா அவரைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். சுவிட்சைத் தட்டினார். படகின் மூக்கில் இரண்டு பக்கமும் வெள்ளை பளீரென்று எரிந்தது. விளிம்பைச் சுற்றிப் பச்சை ஓடியது. பின்னால் ஜீப்பின் சிவப்பு லைட் ஒன்று. வெள்ளிமலை ஜீப் ஒன்று வயலில் இறங்கி நிற்பதைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். அண்ணன்கூடச் சிரித்தான்.

"எரியுதா?" என்றார் மாமா.

அந்த அம்மா படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் போய்ச் சிவப்புக்கு நேராக நின்றுகொண்டார். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல நிதானமாகத்தான் சொன்னார்.

"எரியுதுங்க. ஆனா பொய் சொல்லுது. பின்னால வர்றவன் சிவப்பப் பாத்தா, நாம குறுக்கால போயிக்கினு இருக்கோம், தாண்டிப் பூடுவோம்னு நெனைப்பான். ஒதுங்க மாட்டான். நேரா வந்து மேல ஏறுவான். இதுக்கு லைட்டே இல்லாம போவலாம்."

பிறகு, யாரும் கேட்காமலே, தன் வீட்டுக்காரர் போன விதத்தைச் சொன்னார். அவர்கள் படகில் அப்போது லைட் கிடையாது, ஒரு டார்ச்தான். பெரிய விசைப்படகு ஒன்று இருட்டில் ஏறி இரண்டாகப் பிளந்துவிட்டுப் போயிற்று. மோதியதே தெரியாது என்று அந்தப் படகுக்காரன் பிறகு அழுதானாம். வீட்டுக்காரர் கரைக்கு வந்து சேர்ந்தது வேறு ஊரில். இடுப்பில் கட்டியிருந்த அரைஞாண் கயிற்றை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. குப்பத்தில் பாதிப் படகுகளில் இன்னும் டார்ச்தான் என்றும், தன் பிள்ளைகள் போகும் படகில் மட்டும் மூன்று லைட்டும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று சத்தியம் செய்திருப்பதாகவும் சொன்னார்.

நான் மாமாவைப் பார்த்தேன். வாயில் ஊறியதைத் துப்பப் போனவர் துப்பாமல் விழுங்கிவிட்டார். முதன்முறையாக அவரிடம் ஒரு மனிதனைக் கண்டதாக நினைத்தேன். "காலையில சரி பண்ணிக் குடுத்துடுறேம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தாள், பார்த்தாயா என்பதைப் போல. எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

காலையில் நாங்கள் பட்டறைக்குப் போனபோது எல்லாம் தயார். சுற்றி ஓடிய பச்சை இல்லை. மூக்கில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. பின்னால் வெள்ளை. அந்த அம்மா கும்பிட்டார். மகன்களுக்குப் போன் செய்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சாயங்காலம் லாரியில் ஏற்றிவிடுவோம் என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். அதனால்தான் இன்றுவரை மாமாவை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கு எங்கேயோ இடித்தது. சிவப்பு லைட் இருந்தது பின்னால் அல்லவா? அதைக் கழற்றி முன்னால் கொண்டுவந்தால் பழைய இடத்தில் ஆணி ஓட்டை இருக்க வேண்டும். ஓர் ஓட்டையும் இல்லை. எதுவும் இடம் மாறவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்தது அதே வெள்ளை லைட்தான். ஜீப் கண்ணாடிக்கு ஒட்டுகிற கலர்த் தாளை வெட்டி, ஒன்றின் மேல் சிவப்பும் இன்னொன்றின் மேல் பச்சையும் ஒட்டியிருந்தார். எதை வைத்து ஒட்டினார் என்பது ஓரத்தில் காய்ந்திருந்த புகையிலைத் துணுக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நக்கி ஒட்டியிருக்கிறார். பின்னால் போனேன். சிவப்பு மூடியை மட்டும் பெயர்த்து எடுத்திருந்தார். உள்ளே இருந்த பல்பு வெள்ளை. அது திறந்த வாயோடு, மூடியே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அது உப்புத் தண்ணீருக்குப் போகும் லைட்.

ஒரு பெண் தன் புருஷனின் அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, எச்சிலை விழுங்கிவிட்டு, இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்.

அண்ணனிடம் சொன்னால் மூடி மறைத்துவிடுவான். அந்த அம்மாவை மட்டும் கூப்பிட்டால் மாமா பேசியே மழுப்பிவிடுவார். வீட்டுக்குள் போய் ஒரு வாளித் தண்ணீரில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி எடுத்து வந்தேன். எல்லோரும் பார்க்க, சிவப்பின் மேல் ஒரு சொம்பு ஊற்றினேன். தாள் ஓரம் தூக்கிக்கொண்டது. இன்னொரு சொம்பு. தாள் வழுக்கிக்கொண்டு இறங்கி என் காலடியில் விழுந்தது. இடப்பக்கம் வெள்ளை எரிந்தது. பின்னால் போய் மூன்றாவது சொம்பை ஊற்றினேன். அந்த லைட் ஒருதரம் நடுங்கி அணைந்தது.

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். மாமா மட்டும் என்னை அதிசயமாகப் பார்த்தார். எதற்காக நன்றாக எரிகிற லைட்டில் தண்ணீரை ஊற்றுகிறேன் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இங்கே எரிந்தது, கடலுக்குப் போன பிறகு அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு என்றார். அதைச் சொல்ல அவர் கூசவில்லை.

படகுக்கார அம்மா கீழே கிடந்த சிவப்புத் தாளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அதை நாலாக மடித்தார். பிறகு மாமாவிடம் கேட்டார்.

"ஒரு ராத்திரி எங்க பசங்களோட கடலுக்கு வந்துட்டுப் போறீங்களா? இதே லைட்டப் போட்டுக்கினு?"

"எனக்குத் தண்ணின்னா பயம்மா" என்றார் மாமா.

கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகச் சொன்னார். ஏரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்க மாட்டாராம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். தன் பயத்தைப் பற்றி அவர் விலாவாரியாகப் பேசினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பேசி முடித்ததும், எல்லா லைட்டையும் கழற்றிவிடச் சொன்னார். படகின் உடம்பு நன்றாக வந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன், லைட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம் என்று அண்ணனிடம் சொன்னார். இன்னும் பல பேர் வருவார்கள் என்ற பேச்சை மட்டும் அவர் எடுக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் பட்டறையில் படகு எழும்பவே இல்லை.

ஜே.சி.பி. வந்து படகைத் தூக்கி லாரியில் வைத்துக் கயிறு கட்டி முடிக்கும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. படகின் பின்பக்கம் லாரியை விட்டு நாலு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ராத்திரியில் ஹைவேயில் போகிறது, பின்னால் வருகிறவனுக்குத் தெரிய ஒரு சிவப்பு லைட் வேண்டும் என்று டிரைவர் சொன்னார். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த நாள் முழுக்கப் பட்ட அவமானம் ஒரு நொடியில் துடைத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் பெயர்த்த சிவப்பு மூடியைத் தேடி எடுத்தார். கழற்றிப் போட்டிருந்த லைட்டில் அணையாத ஒன்றை எடுத்து அதில் மாட்டினார். லாரியின் பின் லைட்டிலிருந்து ஒயரை இழுத்தார், பல்லில் கடித்தார், முறுக்கினார், டேப்பைச் சுற்றினார். படகின் பின்கோடியில் சிவப்பு எரிந்தது.

"இப்ப எரியுதுல்ல? பின்னால சிவப்புதான வோணும்? நா அப்பவே இன்னா சொன்னேன்?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் திருப்தியாகத் துப்பிவிட்டுக் கை அலம்பப் போனார்.

லாரி கிளம்பி மண்ரோட்டில் ஆடி ஆடிப் போனது. நான் கேட்டில் நின்று அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். தார் ரோட்டில் ஏறும்போது ஒரு குலுங்கல். சிவப்பு ஒருமுறை சிமிட்டியது. அடுத்த குலுங்கலில் அணைந்தது.

"மாமா, அணைஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "இங்க எரிஞ்சுதுல்ல பாப்பா" என்றார்.

நான் அந்த அம்மாவுக்குப் போன் அடித்தேன். டிரைவரிடம் சொல்லி வண்டியை ஓரம் கட்டுங்கள், பின்னால் லைட் இல்லை, யாராவது வந்து மோதிவிடுவார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். போனில் காற்று இரைந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அப்படி இரையாது.

"தெரியும்மா" என்றார் அவர். "அந்தாளு வாய் வெச்ச லைட்ட நம்பி நா முன்னால உக்காருவனா? படகுலதான் இருக்கேன். அந்தச் சிவப்புத் தாள டார்ச்சுல சுத்திப் பின்னால புடிச்சிக்கினு இருக்கேன். ஊடு போய்ச் சேர்ற வரிக்கும் புடிச்சிக்கினுதான் இருப்பேன்."

ரோட்டைப் பார்த்தேன். தூரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு, ஆடாமல் போய்க்கொண்டிருந்தது.

வாளியில் உப்புத் தண்ணீர் பாதி மீதி இருந்தது. அவர் துப்பிய இடத்தில் அதை ஊற்றி, விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனேன்.